இருளாண்டியின் இரண்டு கைகள்

சலாஹுதீன் சாரிடம் படித்தவர்கள் யாரும் மனுவில் கெஞ்ச மாட்டார்கள். மற்ற ஊர்களில் எழுதப்படும் ஆங்கில மனுக்கள் எல்லாம் ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்றுதான் தொடங்கும். பெக் என்றால் பிச்சை கேட்பது. நாற்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்து முடித்த மறுநாளே, அவர் அந்தச் சொல்லைப் பலகையில் எழுதி அதன்மேல் ஒரு கோடு போட்டார். “இனிமே சொல்ல வேண்டியதைச் சொல்லு. கெஞ்சாதே” என்றார். அப்போது அவருக்கு முப்பது வயது. அந்த வயதில் பலரும் அப்படித்தான் பேசுவார்கள், பிறகு மாறிவிடுவார்கள். இவர் மாறவில்லை.

கடலோரத்து உயர்நிலைப் பள்ளி அது. மழை வந்தால் கூரை ஒழுகும், வெயில் வந்தால் உப்புக் காற்று புத்தகங்களைப் பிசுபிசுக்க வைக்கும். அங்கே வாரம் ஒரு ஆங்கிலக் கட்டுரை எழுத வைத்து, ஒன்று விடாமல் சிவப்பு மையில் திருத்தியவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு வருஷமும் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் நன்றாக எழுதிய ஒரு பிள்ளையின் பெயரைச் சுவரில் பெயின்ட்டால் எழுதுவார். அந்தப் பிள்ளையின் கட்டுரை நோட்டை வாங்கித் தன் பீரோவில் வைத்துக்கொள்வார். ஐம்பத்தெட்டில் அப்படிப் பதினொரு நோட்டுகள் சேர்ந்திருந்தன. இன்ஸ்பெக்டர் வந்தால் போதும், பீரோவைத் திறந்துவிடுவார். அந்தப் பெருமையை அவர் கொஞ்சம் அடக்கியிருக்கலாம்.

அந்த வருஷம் மாசியில் இருளாண்டி செத்துப்போனான். வீரபத்திரனின் உப்பளத்தில் வேலை செய்தவன். குடிக்கத் தண்ணீர் வண்டி வேண்டும் என்று ஆட்களைக் கூட்டி நின்றான். நாலாம் நாள் காரங்காட்டுக் கழிமுகத்தில், மரவேர்களுக்கு நடுவில் பிணமாகக் கிடந்தான். தவறி விழுந்து மூழ்கிவிட்டான் என்று போலீசில் எழுதி மூடிவிட்டார்கள். தூக்கி வந்தவர்கள் அவன் மணிக்கட்டுகளைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். வீரபத்திரனின் உப்பளத்தை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

பள்ளிக்கூடத்தை நடத்தியவரும் அதே வீரபத்திரன்தான். மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அவர் சலாஹுதீன் சாரை வீட்டுக்கு அழைத்தார். மோர் கொடுத்து உபசரித்தார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார்.

“மேல போன மொட்டைக் கடுதாசி வாத்தியாரே. சுத்திச் சுத்தி எங்கிட்டயே வந்துருச்சு. படிங்க.”

கையெழுத்து தெரியாதபடி எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தது. இருளாண்டி மூழ்கிச் சாகவில்லை என்பது முதல் வரி. அவனுக்கு நீச்சல் தெரியும் என்பது இரண்டாவது. ஒரு வரிக்கு ஒரு செய்தி. அவர் சொல்லிக் கொடுத்த மாதிரியே, தண்ணீர் தெளித்துத் துடைத்ததுபோல் இருந்தது. படிக்கப் படிக்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது. ஐந்தாம் வரியில் ‘ஹிஸ் போத் ஹேண்ட்ஸ்’ என்று இருந்தது. அவன் ரெண்டு கையும் கட்டப்பட்டிருந்தன என்று தமிழில் நினைத்து, நினைத்த வரிசையிலேயே ஆங்கிலத்தில் போட்டால் வரும் தப்பு. ‘போத் ஹிஸ்’ என்று மாற்றிப் போட வேண்டும்.

சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. அந்த இரண்டு சொற்களையும் சுற்றி வட்டம் போட்ட பிறகுதான் தன் கையைப் பார்த்தார்.

வீரபத்திரன் மெதுவாகச் சிரித்தார். “கை தானாப் போகுது பாருங்க. இதுல கெஞ்சலே இல்ல. உங்க பிள்ளைகதான் இப்படி எழுதும். இந்தத் தப்பை யார் பண்ணுவா?”

“எல்லாரும் பண்ணுவாங்க முதலாளி.”

“அப்ப நோட்டுகளைப் பாத்துருவோம். பதினொன்னு வச்சிருக்கீங்கள்ல? திங்கக்கிழமை கொண்டாந்துருங்க. தப்பான ஆளைப் பிடிச்சுப்புட்டா பாவம்ல.”

வீடு வரும் வரை சார் அந்த வரியையே நினைத்துக்கொண்டு நடந்தார். அந்தத் தப்பை எல்லாரும் செய்வதில்லை. ஒருத்திதான் விடாமல் செய்தாள். ஐம்பத்து மூன்றாம் வருஷத்துப் பூமயில். அவள் நோட்டில் அதே தப்பைப் பன்னிரண்டு முறை வட்டமிட்டிருந்தார். இப்போது அவள் உப்பளத்து ஓரம் இருக்கும் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். இருளாண்டியைத் தூக்கி வந்து கிடத்தியது அந்தப் பள்ளிக்கூட வாசலில்தான்.

அவள் நோட்டை எரித்துவிடலாம். ஆனால் சுவரில் பதினொரு பெயர் இருக்கிறது. எந்த நோட்டு இல்லையோ அதுவே பதிலாகிவிடும். ஒரு தாளைக் கிழித்தாலும் அதே கதிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மை பழையதாகத் தெரிய அதில் கொஞ்சம் தண்ணீர் கலந்தார். மற்ற பத்து நோட்டுகளிலும் கட்டுரை முடிந்து மிச்சம் கிடந்த வரிகளில், அந்தந்தப் பிள்ளையின் கையெழுத்திலேயே அந்தத் தப்பை எழுதினார். சாய்த்து எழுதுகிறவனுக்குச் சாய்த்து, புள்ளியை வட்டமாக வைக்கிறவனுக்கு வட்டமாக. அவருக்குத் தெரியாத கையெழுத்தா? எழுதி எழுதிச் சிவப்பில் வட்டமிட்டார். மஹ்மூது என்று ஒரு பையன், ஒரு பிழை இல்லாமல் நோட்டை முடித்தவன். அவனுடையதில் எழுதும்போது சாருக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் மனைவி தாஜுன்னிசா எட்டிப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமையும் நோட்டுத் திருத்தணுமா?”

“திருத்தல. கெடுத்துக்கிட்டு இருக்கேன்” என்றார் சார்.

திங்கட்கிழமை வீரபத்திரன் இரண்டு மணி நேரம் தாள் தாளாகப் புரட்டினார். பதினொன்றிலும் அதே தப்பு, அதே வட்டம். கடைசி நோட்டை மேஜைமேல் போட்டார்.

“பதினோரு வருசமா என்னதான் சொல்லிக் குடுத்தீங்க?”

சார் தலையைக் குனிந்துகொண்டார். பயத்தை விட அந்தக் கேள்விதான் அவரைச் சுட்டது.

அன்று மாலை பள்ளி விட்டதும் பூமயிலைப் பார்க்கப் போனார். அவள் வகுப்பறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே உப்புப் பாத்திகள் வெறிச்சோடிக் கிடந்தன. நடந்ததை எல்லாம் சொன்னார்.

“இனிமே எழுதாதம்மா. அந்தாளு சும்மா இருக்க மாட்டாரு.”

“மெட்ராசுக்கு எழுதப்போறேன் சார். இங்கன எல்லாரும் பாத்தோம். எனக்குத்தான எழுதத் தெரியும்?”

“எழுதித்தான் ஆகணும்னா, ‘ஐ பெக்’னு போட்டு எழுது. ஊர்ல எல்லாரும் எழுதுற மாதிரி இருக்கும்.”

“கெஞ்சி எழுத எனக்கு வராது சார். நீங்க அதைச் சொல்லித் தரலையே.”

சார் புறப்பட்டார். போகிறேன் என்று வாசல் வரை வந்தவர் திரும்பினார். பேசாமல் போயிருக்கலாம், வாத்தியார் புத்தி விடவில்லை. “பூமயிலு, அது ‘ஹிஸ் போத்’ இல்லம்மா. ‘போத் ஹிஸ்’. பன்னெண்டு தடவை சொல்லிட்டேன்.”

“மறந்து மறந்து போகுது சார்” என்று அவள் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காததுதான் சாரை அரித்தது. வீரபத்திரன் எதிரே வந்தால் முன்னைவிட மரியாதையாகக் கும்பிட்டார். தெருமுனையில் அவருடைய ஆள் ஒருவன் தினமும் நின்றான். எதற்கு நிற்கிறாய் என்று கேட்டால், “சும்மாதான் சார்” என்பான்.

ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடித்து வகுப்பு காலியான நேரத்தில், வீரபத்திரன் நேராக உள்ளே வந்தார். கையில் இன்னொரு காகிதம். அதே பெரிய எழுத்துகள்.

“இதைப் படிங்க வாத்தியாரே. தப்பு இருந்தா வட்டம் போடுங்க.”

சார் படித்தார். இருளாண்டி மூழ்கிச் சாகவில்லை. இந்த முறையும் கெஞ்சல் இல்லை. ஐந்தாம் வரிக்கு வந்தார். போத் ஹிஸ் ஹேண்ட்ஸ். பதின்மூன்றாவது முறை சொன்ன பிறகு சரியாக எழுதிவிட்டாள். அந்தக் காகிதத்தைக் கொண்டு வந்த ஆளையும் மறந்து, அவருக்குச் சந்தோஷம் பொங்கியது. உடனே பயமும் வந்தது.

“தப்பு இருக்கா?”

“இல்ல முதலாளி.”

“எனக்கும் தெரியல.” வீரபத்திரன் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். “உங்க பிள்ளைக பதினோரு பேருமே தப்பா எழுதுறவங்க. நீங்கதான நோட்டைக் கொண்டாந்து காட்டுனீங்க? கெஞ்சாம, தப்பும் இல்லாம எழுதுற ஆளு இந்த ஊர்ல யாரு?”

சார் காகிதத்தை இன்னொரு முறை பார்த்தார். திருத்துவதற்கு அதில் எதுவும் இல்லை.

“நான்தான்” என்றார். “ரெண்டும் நான் எழுதுனதுதான். முதத் தடவை வேணும்னே தப்பா எழுதுனேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றார் வீரபத்திரன். குரலில் கோபம் இல்லை. “வாங்க, காரங்காடு வரைக்கும் போயிட்டு வருவோம். அவன் கிடந்த இடத்தை நீங்க நேர்ல பாக்கலைல்ல?”

“மூணு மணிக்குக் கட்டுரை வகுப்பு இருக்கு.”

“வேற ஆளைப் போட்டுக்கலாம்.”

சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். பலகையில் காலையில் எழுதிய தலைப்பை அழிக்காமல் விட்டார். பிள்ளைகள் வந்து எழுதுவார்கள். வாசலில் ஜீப் நின்றது. தெருமுனையில் நிற்கும் ஆள் ஏற்கெனவே பின்னால் உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில் புதிய கயிறு ஒரு சுருள் கிடந்தது. சார் ஏறி உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.