பெயர் சொல்லாத ஒரு சகோதரர்

வியாழக்கிழமை மாலை ஜெபக்கூட்டத்தில் விண்ணப்ப நோட்டு எழுதுவது செயலாளரின் வேலை. யாருக்கு என்ன தேவையோ, கூட்டம் தொடங்குமுன் அவர் காதில் போட்டுவிட வேண்டும். அவர் ஒவ்வொன்றாக வாசிப்பார், ஆளுக்கொன்றாக ஜெபிப்பார்கள். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. 'ஒரு சகோதரி, குடும்ப சமாதானத்துக்காக' என்று முடித்துக்கொள்வார். அது யார் என்று எத்தனை பேர் துருவினாலும் அவர் வாயைத் திறந்ததில்லை.

"உங்களுக்கு ஏதாவது இருக்கா ஐயா?" என்று கேட்டால், "எனக்கென்ன, மத்தவங்களுக்கு வேண்டிக்குங்க" என்பார். என்ன மனத்தாழ்மை என்று எல்லோரும் மெச்சுவார்கள். அந்த மெச்சல் அவருக்கு இனித்தது. இதை அவர் ஆண்டவரிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

தையல்காரர் இதற்கு நேர்மாறு. பல்வலி, மெஷின் பெல்ட், மைத்துனன் கோபம் என்று வாரம் நாலு விண்ணப்பமாவது கொடுப்பார். இந்த மனிதருக்கு வெட்கமே கிடையாதா என்று எழுதும்போதெல்லாம் செயலாளர் நினைத்துக்கொள்வார்.

செயலாளரின் மனைவி போய் ஆறு வருடம். பிள்ளை இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வியாழன்வரை அவர் குரலை அவரே கேட்பது அபூர்வம். யாராவது கதவு மாறித் தட்டினால் "மேல்மாடி" என்று சொல்வார், அவ்வளவுதான். சில நாள், தட்டியவன் இன்னும் கொஞ்சம் நின்று பேசமாட்டானா என்றிருக்கும்.

இப்போது வலது கண்ணில் புரை. இடது கண் ஏற்கெனவே பாதி போய்விட்டது. போன மாதம் ஆபரேஷனுக்குப் போனவரை ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"கூட ஆள் இல்லாம பண்ண மாட்டோம் பெரியவரே. அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை யாரையாவது கூட்டிட்டு வாங்க. அதையும் விட்டா மூணு மாசம் ஆகும்."

அந்தச் செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள்தான். கூப்பிட்டால் வர இருபது பேர் உண்டு. கூப்பிட வாய் வர வேண்டுமே! யோசித்து யோசித்து, நோட்டில் கடைசி வரியாக எழுதினார்: 'தனியாக இருக்கும் ஒரு சகோதரர், செவ்வாய்க்கிழமை கண் ஆபரேஷனுக்குத் துணை கிடைக்க.' ஆண்டவருக்குத் தெரியும், மனிதருக்குத் தெரிய வேண்டாம். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்.

அன்று அதை வாசித்தார். ஜெபிக்க வேண்டிய முறை தையல்காரருடையது. அவர் கண்ணை மூடவே இல்லை.

"யாருங்க அது? ஜெபம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் கூடப் போறேனே."

"பேர் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டார்."

"பேர் தெரியாம யார் வீட்டுக் கதவைத் தட்டுறது?"

கூட்டம் நடக்கும் வீட்டு நர்சம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணு தெரியாம ஒரு மனுஷன் தனியா கெடக்கறார். அவருக்கும் கர்வம்தான் போங்க. வாயைத் திறந்து கேட்டா முத்து உதிர்ந்துடுமா?"

செயலாளருக்குத் திருடனைத் தேள் கொட்டியதுபோல் ஆயிற்று. ஆ என்று கத்தவும் முடியவில்லை.

"நீங்களே அவர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க ஐயா, நான் வர்றேன்னு," என்றார் தையல்காரர்.

"கேட்டுச் சொல்றேன்."

தப்பித்தாயிற்று. இனி வீட்டுக்குப் போகலாம். போய் யாரிடம் கேட்பது? பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, காலி நாற்காலியிடம் கேட்க வேண்டியதுதான்.

தையல்காரர் ஜெபிக்கத் தலையைக் குனிந்தார்.

"அது நான்தான்," என்றார் செயலாளர்.

யாரும் மெச்சவில்லை. நர்சம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். செயலாளருக்கு அவமானமாக இருந்தது, உண்மையான அவமானம்.

"எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும்?" என்றார் தையல்காரர், துணிக்கு அளவு கேட்கிற அதே குரலில்.

"ஏழுக்கு."

"ஆறுக்கே வந்துடறேன்."

'உங்களுக்கெதுக்குச் சிரமம்' என்பது பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்தது. செயலாளர் அதை விழுங்கினார்.

"வாங்க," என்றார். "எனக்குப் பயமா இருக்கு."