பதினைந்தாம் கிணறு

என் ஆராய்ச்சியில் பதினைந்து கிணறுகள். பதினான்கு, தொழிற்சாலைக் கழிவு ஓடும் வாய்க்காலின் கரையில் இருப்பவை. பதினைந்தாவது எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணறு. கெட்ட தண்ணீரை அளக்கப் பக்கத்தில் ஒரு நல்ல தண்ணீர் வேண்டும். அதற்கு கன்ட்ரோல் என்று பெயர். எங்கள் வீடு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, மேட்டில். நான் குடித்து வளர்ந்த தண்ணீர். வேறெங்கே போய்த் தேடுவது? மூன்று வருடம் முன்பு கிணற்றை இன்னும் ஆழமாகத் துளைத்தார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை.

எங்கள் கிணற்றிலிருந்து மாதம் ஒரு பாட்டில். கெடாமலிருக்கச் சில சொட்டு அமிலம், தேதிச் சீட்டு, ஆய்வகக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு. ஆறு மாதத்துக்குள் சோதனை இயந்திரத்தில் ஓட்டிவிட வேண்டும் என்பது விதி. இயந்திரத்துக்கு எப்போதும் வரிசை. நல்ல தண்ணீர்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பதினான்கு மாதத்தில் பதினான்கு பாட்டில்கள் சேர்ந்தன.

போன வாரம் ஓட்டினேன். பதினான்கு பாட்டிலிலும் ஆர்செனிக் நஞ்சு, அனுமதித்த அளவைப்போல் ஆறு மடங்கு. புதிதாக எடுத்து மூன்று முறை ஓட்டினேன். எண் அசையவில்லை. அடிப்பாறையிலிருந்து ஊறுவது. திட்டுவதற்கு ஒரு தொழிற்சாலைகூட இல்லை.

நெறியாளர் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“பழைய சாம்பிள் எல்லாம் கெடு தாண்டினது. தள்ளிடு. வேற கிணறு பாரு.”

“புதுசுலயும் அதேதான் வருது சார்.”

“அப்போ அது கன்ட்ரோலே இல்ல. அத வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? நாலு மாசத்துல தீசிஸ் குடுக்கணும். வெளிய வாய விடாதே, ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க.”

“அது எங்க வீடு சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதம். போன வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது.

“வாடி டாக்டரம்மா. கையில பாட்டிலக் காணோம், இந்த மாசம் லீவா?” பக்கத்தில் இருந்த பெரிய டம்ளரை எடுத்தாள். “ஒரு நாளைக்கு மூணு லிட்டர் குடிக்கணுமாம். ஒட்டகத்துக்கே அவ்வளவு சொல்ல மாட்டாங்க.”

“கேன் தண்ணி வாங்குவோமே அக்கா?”

“அத நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. நீ மாசாமாசம் டெஸ்ட் பண்றே, இதவிட நல்ல தண்ணி எங்க இருக்கு? எதிர் வீட்டுக்கும் நம்ம தண்ணிதான். எங்க வீட்டுப் பொண்ணு சர்ட்டிபிகேட் குடுத்ததுன்னு நான்தான் சொன்னேன்.”

நான் எந்தச் சான்றும் கொடுக்கவில்லை. பாட்டிலோடு வந்து போனதே போதுமாக இருந்திருக்கிறது.

சொன்னேன். கத்தி பலகைமேல் நின்றது.

“எந்த மாசப் பாட்டில்ல இருந்து?”

“மொதல் பாட்டில்லயே இருக்குக்கா.”

அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மாதங்களைப் பின்னோக்கி எண்ணி ஒன்பதில் நின்றாள், அந்தக் குழந்தை போன மாதத்தில்.

“அந்தப் பாட்டில அப்பவே பாத்திருந்தா?”

“தெரிஞ்சிருக்கும்.”

குழந்தை போனது அதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. இவ்வளவு படித்தும் என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அதை நான் சொல்லவில்லை.

வாசலில் குடம் வைக்கும் சத்தம்.

“மோட்டாரப் போடும்மா!” எதிர் வீட்டுக்காரி.

அக்கா எழுந்திருக்கவில்லை. டம்ளரில் மீதியிருந்ததைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினாள், மெதுவாக, கடைசிச் சொட்டுவரை.

“நீயே போய்ச் சொல்லு. உன் பேரச் சொல்லித்தான் குடுத்தேன்.”

வாசலுக்குப் போனேன். எதிர் வீட்டுக்காரியின் இடுப்பில் குழந்தை, அதன் வாயில் பால்புட்டி.

“என்னம்மா, கரண்ட் இல்லையா?”

“இருக்குக்கா,” என்றேன். “கொஞ்சம் உள்ள வாங்க.”