சிவந்த ரேகை

என் முத்திரையைத் திருப்பிக் கொடுங்க சார், கேட்டுவிட்டேன், கேட்கவே கூடாது என்று சொல்லிவைத்திருந்ததை, ஃபுகுவோகாவின் கடற்கரைக் கோபுரத்து உச்சியில், கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, கீழே விரிகுடா ஈயத்தகடு மாதிரிக் கிடக்கிறது, என் பெருவிரல் பட்ட இடத்தில் மங்கலாக ஒரு சிவப்பு ரேகை, சட்டென்று ஸ்வெட்டர் கையால் துடைக்கிறேன், விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறேன், சென்னையிலிருந்து வந்த கம்பெனிப் பெரியவர்களுக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருந்த டீம் லீடர் சிதம்பரநாதன் சார் சிரிப்பு மாறாமல் திரும்புகிறார், இங்க பாரும்மா, நாலு பெரிய மனுஷங்க நிக்கிற இடத்துல கேக்கிற கேள்வியா இது, ஐஸ்கிரீம் வேணுமா, சொல்லு. பெரியவர்கள் சிரிக்கிறார்கள். போன வருஷம் என்றால் நானும் சிரித்திருப்பேன்.

முத்திரை என்றால் சுண்டுவிரல் தடிமனில் ஒரு மரக்குச்சி, நுனியில் என் பெயர், நீளம் என்று பாதியை வெட்டிவிட்டு ஜப்பானிய எழுத்தில் செதுக்கியது, இந்த ஊரில் கையெழுத்துக்குப் பதில் அதைத்தான் சிவப்பு மையில் தொட்டுக் குத்துகிறார்கள், வந்த முதல் நாளே எங்கள் எல்லோருடையதையும் வாங்கி சார் தன் மேஜையில் வைத்துப் பூட்டினார், தொலைச்சிருவீங்க, என்கிட்டயே இருக்கட்டும், அன்று ராத்திரியே அறைத்தோழி அருள்செல்வி சொன்னாள், லீவு கேளு, ஹீட்டர் கேளு, முத்திரையை மட்டும் கேட்டுராதடி, கேட்டவ மறுவாரமே பிளைட் ஏறிட்டா. படகுத்துறைக்குப் போகிற புது நடைபாலம் இங்கிருந்து பார்க்க ஒரு வெள்ளை நூல், திங்கட்கிழமை திறக்கிறார்கள், நாற்பத்திரண்டு வெல்டிங் இணைப்புகள், உள்ளே விரிசல் உண்டா என்று ஒலிக்கருவியை வைத்து நான் சோதித்தது இருபத்தொன்பது, மீதிப் பதின்மூன்றை மழை என்று விட்டோம், அறிக்கையிலோ நாற்பத்திரண்டு கட்டத்திலும் என் பாதிப் பெயர் வட்டமாகச் சிவந்து நிற்கிறது, நான் குத்தாமலே.

அந்தச் சிவப்பைப் பார்த்த அன்று எனக்கு நினைவு வந்தது நீலம், அம்மாவின் பெருவிரலில் ஒட்டியிருந்த மை, தூத்துக்குடியில் உப்பு லாரியிலிருந்து விழுந்து அப்பா செத்த அன்று கணக்குப்பிள்ளை நீட்டிய வெள்ளைத்தாளில் அழுதுகொண்டே அம்மா விரலை வைத்தாள், மறுநாள் அந்தத் தாளில் குடித்துவிட்டு ஏறினான் என்று எழுதியிருந்தது, டீயைத் தவிர எதையும் குடிக்காத மனுஷன், பிறகு உப்பள வேலையில் உப்பு அவள் விரலையும் தின்றுவிட்டது, ரேஷன் கடை மிஷினில் ரேகை விழுவதில்லை, என் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் அதே விரலை மறுபடி மையில் தோய்த்துவிட்டு வெளியே வந்து சொன்னாள், ஏட்டி, ஒன் கையெழுத்த ஒருத்தங்கிட்டயும் குடுத்துராத. கொடுத்துவிட்டேனே அம்மா, விரிகுடா வற்றுகிறது, பாத்தி பாத்தியாக உப்பு பூக்கிறது, தலையில் உப்புப் பெட்டியோடு அம்மா அந்த வெள்ளைப் பாலத்தில் ஏறி நடந்து வருகிறாள், அதுல ஏறாதம்மா, நான் அதை முழுசாப் பார்க்கவேயில்லை, கத்துகிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை.

என்ன முணுமுணுக்கிற, சார் பக்கத்தில் வந்து குரலை இறக்குகிறார், முத்திரை குத்துறது ஒரு சடங்கும்மா, கல்யாணத்துல அட்சதை போடற மாதிரி, எந்த அரிசி எவன் போட்டதுன்னு யாரு பாக்கிறா, பாலமெல்லாம் நிக்கும், உங்க வீட்ல கைநாட்டு இல்லாத மொத ஆளு நீ, அதைக் கெடுத்துக்காத.

கைநாட்டு. என் ஃபைலைப் படித்திருக்கிறார், அம்மாவின் விரலைப் பார்த்திருக்கிறார். மடக்கிய கையை அவர் முகத்துக்கு நேரே விரிக்கிறேன், நானும் கைநாட்டுதான் சார், காலையில வச்சேன், பையில் துறைமுக அலுவலகத்துக்கு எழுதிய கடிதம் இருக்கிறது, பதின்மூன்று இணைப்புகளின் எண்களும் இருக்கின்றன, முத்திரை இல்லையென்றால் பெருவிரல் வைத்தாலும் செல்லும் என்று அங்கே இருக்கிற பெண் போன வாரமே சொல்லிவிட்டாள், சாருக்கு ஒரு வாய்ப்பு என்றுதான் மேலே ஏறி வந்தேன், அது முடிந்தது. யோசிச்சுக்கோ, ஊருக்குப் போயிருவ, என்கிறார், சிரிப்பு இப்போது இல்லை. பெட்டி கட்டிட்டேன் சார், என்கிறேன். கண்ணாடியில், அந்த வெள்ளை நூலின் மேலேயே, பெருவிரலை அழுத்தி எடுக்கிறேன், வியர்வையில் ஊறிய சிவப்பு, அம்மாவுக்கு விழாத ரேகை எனக்கு ஒவ்வொரு சுழியாக விழுந்திருக்கிறது, துடைக்கவில்லை, அவர் வேண்டுமானால் துடைத்துக்கொள்ளட்டும், லிஃப்டை நோக்கி நடக்கிறேன், அலுவலகம் ஐந்து மணி வரை திறந்திருக்கும்.