மாதா பேரில் எடுத்த அரிசி

சாப்பிட உட்கார்ந்ததும் அந்தோணிராஜ் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தான்.

"இன்னிக்கி கன்னியம்மா இன்னா கேட்டுச்சு தெரியுமா, ஞானம்? சுடாத பச்சக் கல்லு நனையாம இருக்கக் கொட்டாய் போட்டுகீறீங்களே, புள்ளைங்களுக்கு ஒண்ணு போடக்கூடாதான்னு மேஸ்திரிய நேராவே கேட்டுச்சு. அந்தாளு வாயத் தொறக்கல."

ஞானகுமாரி அவன் சோற்றில் குழம்பை ஊற்றினாள். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும்தான் எவ்வளவோ பேசியிருக்கிறாள். அதில் ஒரு வார்த்தையையாவது இந்த மனுஷன் வெளியே போய் யாரிடமாவது, எங்க ஊட்ல இப்படிச் சொன்னா என்று சொல்லியிருப்பானா? செங்கல் சூளையில் கல் சுமக்கிற ஒருத்தி வாயைத் திறந்தால் மட்டும் அது வேதவாக்காகி வீடு வரைக்கும் வந்துவிடுகிறது.

பாரிவாக்கத்து மாதா கோயிலுக்கு அந்தோணிராஜ்தான் உபதேசியார். பூந்தமல்லியிலிருந்து சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் நடத்துவது அவன். ஜெபமாலையை முன்னின்று சொல்வது ஞானகுமாரி. அவள் குரல் எழும்பினால்தான் மற்ற பெண்களின் குரல் எழும்பும். ஊரில் அவளுக்கு இருந்த மரியாதை அது ஒன்றுதான், அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது, சூளைப் பெண்கள் வேலையை நிறுத்தி உட்காரும் வரைக்கும்.

ஆவடியில் பட்டாளத்துக்குக் கட்டடங்கள் எழும்ப ஆரம்பித்ததிலிருந்து சூளை அணையவே இல்லை. பெண்கள் கைக்குழந்தைகளை வெயிலில் கிடத்திவிட்டுக் கல் சுமந்தார்கள். போன மாதம் அப்படிக் கிடந்த ஒரு குழந்தை செத்துப்போனது. பிள்ளைகளுக்கு நிழலாக ஒரு கொட்டகை வேண்டும், பால் கொடுக்க இறங்கிவர விடவேண்டும், இதற்கு மேல் அவர்கள் எதையும் கேட்கவில்லை. சூளைக்காரர் முடியாது என்றார். கன்னியம்மாள் முதலில் உட்கார்ந்தாள், மற்றவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தியும் வேதக்காரி இல்லை, ஞானஸ்நானம் வாங்கியவள் இல்லை. ஆனாலும் சாமியார் பிரசங்கத்தில், இந்தப் பெண்கள் கேட்பது நியாயம், பிடி அரிசி இனிமேல் இவர்களுடைய கஞ்சிக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார்.

பிடி அரிசி என்பது ஞானகுமாரியின் பொறுப்பு. உலையில் போட அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியை மாதா பேரில் தனியாகப் போட்டு வைப்பது ஒவ்வொரு வீட்டுக்கும் வழக்கம். சனிக்கிழமை அவள் கூடையோடு போய் வாங்கிவருவாள். யுத்தம் வந்து அரிசி ஆனைவிலை குதிரைவிலை விற்றபோதும் அந்தப் பிடி நிற்கவில்லை.

முதல் தடவை கஞ்சி கொண்டுபோனபோது அவளும் கூடப் போனாள். கன்னியம்மாள் ஒல்லியாக, இடுப்பில் பிள்ளையோடு நின்று பேசிக்கொண்டிருந்தாள். பெண்கள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அந்தோணிராஜும் பார்த்தான். சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியார் பேசும்போது கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டான். அதில் வேறொன்றும் இல்லை என்று ஞானகுமாரிக்குத் தெரியும். இருந்திருந்தால்கூட நல்லது, கொண்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட ஒன்றும் இல்லாததுதான் அவளை அரித்தது.

சனிக்கிழமை முதல் வீடு ஆரோக்கியம்மாளுடையது. அவள் பானையை எடுத்து வந்து கூடையில் கவிழ்க்கப் போனாள்.

"மாதா பேர்ல எடுத்த அரிசி," என்றாள் ஞானகுமாரி. "சிலுவ போடத் தெரியாதவங்க வயித்துக்குப் போவுது. எனக்கு இன்னாமோ மனசு ஒப்பல. உங்க இஷ்டம்."

ஆரோக்கியம்மாளின் கை நின்றது. "சாமியாரே சொன்னாரே?"

"அவருக்கு இன்னா, நல்ல மனுஷன்."

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த வீட்டில் அதுகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, பேச்சு அவளுக்கு முன்னால் போயிருந்தது. பஞ்ச காலத்தில் கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? அதுவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கூடையின் அடி மறைகிற அளவுக்குத்தான் அரிசி வந்தது. அவள் வீட்டுப் பானையிலும் அந்த வாரம் ஒன்றும் இல்லை.

"யாரும் குடுக்கல," என்று கூடையைக் கீழே வைத்தாள். அந்தோணிராஜ் தானே எழுந்து வீடு வீடாகப் போய்விட்டு வந்தான். "ஏன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க," என்றான். அன்றைக்குக் கன்னியம்மாள் சொன்னது என்று எதுவும் அவனிடம் இல்லை. அது தன்னால்தான் என்று ஞானகுமாரிக்கு உறைத்தது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

கஞ்சிக்கு வழியில்லாமல் திங்கட்கிழமை காலையில் சூளைப் பெண்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். ஆறுதல் சொல்லப் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கிளம்பினாள். தோற்றுப்போன அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சூளை வாசலில் கயிறு கட்டியிருந்தது. குழந்தை செத்தது கெட்ட பேராகிவிட்டதாம், இனிமேல் பிள்ளைகளே உள்ளே வரக்கூடாதாம். துலுக்கானம் மேஸ்திரி கயிற்றருகே நின்றான். வரிசையில் முதலில் கன்னியம்மாள் நின்றாள். அவள் போனால்தான் மற்றவர்கள் போவார்கள் போலிருந்தது. ஞானகுமாரியைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

"நல்ல வேள வந்தீங்கோ, உபதேசியாரம்மா. பெரிய புள்ளைங்கள கெழவி தாயம்மா பாத்துக்குது. இது பால்குடி, அதுகிட்ட அடங்காது. கொஞ்ச நேரம் வெச்சிக்கினு இருங்க." பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு, போகத் திரும்பியவள் நின்றாள். "அரிசி வரலன்னு மனசுல வெச்சிக்காதீங்க. அவங்க ஊட்லயும் பஞ்சந்தானே."

ஞானகுமாரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கயிற்றருகே நின்றாள்.

வெயில் ஏறியது. பிள்ளை முதலில் சிணுங்கியது, பிறகு வீறிட்டது. அவள் மாரில் முகத்தைப் புதைத்துத் தேடியது, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முதுகை வளைத்துக்கொண்டு கத்தியது. தோளில் போட்டுத் தட்டினாள், புனித அந்தோணியாரை வேண்டினாள். உள்ளே சூளை மேல் சாய்த்திருந்த சாரப்பலகையில் கன்னியம்மாள் தலையில் கல்லோடு ஏறிக்கொண்டிருந்தாள். அழுகை கேட்டும் அவளால் திரும்ப முடியாது, திரும்பினால் சுமை சரியும். அவளுடைய சேலை முன்பக்கம் பால் கசிந்து நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. இத்தனை பேரில் இந்தப் பிள்ளைக்கு அவள் ஒருத்திதான் வேண்டும் என்று ஞானகுமாரி நினைத்தாள். அப்போதும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள்.

"உபதேசியாரம்மா, புள்ளயோட உள்ள வரக்கூடாது."

"அவள எறங்கச் சொல்லு."

"இன்னாது?"

"பால் குடுக்கணும். எறங்கச் சொல்லு, துலுக்கானம்."

ஜெபமாலை சொல்கிற குரல்தான், சூளை முழுக்கக் கேட்டது. கன்னியம்மாள் பாதிப் பலகையில் நின்றுவிட்டாள், ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் தலையில் கல்லோடு வரிசையாக நின்றார்கள். எல்லாக் கண்களும் ஞானகுமாரியைத்தான் பார்த்தன. பிள்ளை அவள் தோளைச் சப்பிச் சப்பி ரவிக்கையை நனைத்துக்கொண்டிருந்தது.