காப்புக் கட்டியவளுக்கு ஒரு கிண்ணம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவில்லை. ஒரு வார இதழ் சமையல் குறிப்புக் கேட்டது. வீட்டிலேயே சட்டென்று செய்யக்கூடியதாக, உடம்புக்கு நல்லதாக, கையைக் கடிக்காத செலவில். வெளிநாட்டுக்காரர்கள் 'சில்லி' என்று சாப்பிடும் காரமான பயறுக் குழம்பு. சூரியநெல்லி என்ற தேயிலைத் தோட்ட ஊரில் சித்ரா என்பவள் செய்ததை எழுதிக்கொண்டே போனேன். உப்பு வரைக்கும் வந்ததும் கை நின்றுவிட்டது.

2

சித்ரா ஹோம்ஸ்டே ஒன்றில் சமையல்காரி. குடியிருப்பு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. காலையில் ராஜ்மாவை ஊறப்போட்டு வேலைக்குப் போனாள், சாயங்காலம் வந்து குக்கரில் வைத்தாள். வெங்காயம், தக்காளி, கேரட், நாலு காந்தாரி மிளகாய், சீரகப்பொடி. அரை மணியில் வெந்தது. நிறம் இருந்தது, காரம் இருந்தது, ருசிதான் ஒட்டவில்லை.

ஹோம்ஸ்டே விருந்தாளிகள் விட்டுப்போய், அவள் வீட்டுக்கு எடுத்துவந்த பொட்டலத்தில் வெள்ளித்தாள் சுற்றிய கட்டிகள் கிடந்தன. ஒன்றை உதிர்த்துப் போட்டாள். குழம்புக்கு உயிர் வந்துவிட்டது.

(இங்கே 'தேவையான பொருட்கள்' என்று பட்டியல் போட்டிருந்தேன். அடித்துவிட்டேன். அந்தக் கட்டியை எந்தப் பெயரில் எழுதுவது?)

3

பக்கத்து வீட்டு மாரித்தாய்க்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். மாரித்தாய் காப்புக் கட்டியிருந்தாள், மறுநாள் அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறாள். புருஷன் சுடலைக்கு அடுத்த வாரம் நெஞ்சில் ஆபரேஷன், அதற்கான நேர்த்திக்கடன். காப்புக் கட்டிவிட்டால் லயத்தில் ஒரு வீட்டிலும் கவிச்சி கிடையாது. அதனால் அவள் எதையும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

பாத்திரம் கழுவும்போது சித்ராவின் மகள் கிருத்திகா வெள்ளித்தாளை எடுத்துச் செல்போனில் காட்டிப் படித்தாள்.

"யம்மா, இது கோழிச்சாறும்மா. காய்ச்சிக் கட்டியாக்கியிருக்கான்."

சித்ராவுக்குத் தெரியாது. பாவம், அவள் எப்படி

4

அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். பொய் அது. மூன்று பிரதியிலும் அவளை ஒன்றும் அறியாதவளாக எழுதினேன். இப்போது எனக்கே கூசுகிறது. பதினோரு வருஷமாகக் கோழி சமைத்தவளுக்கு மூக்கு இல்லையா? உதிர்க்கும்போதே வாடை வந்தது. ஒரு சிட்டிகைதானே என்றுதான் போட்டாள்.

சரி, தன் வீட்டுக்குப் போட்டாள். மாரித்தாய்க்கு ஏன் கொடுத்தாள்? நன்றாயிருக்கிறது என்று ஒருத்தராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஹோம்ஸ்டேயில் தட்டு காலியாகும், பேச்சு வராது. என்ன அற்பமான ஆசை!

(அற்பம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் உங்கள் முன்னால் இதை நீட்டிக்கொண்டுதானே நிற்கிறேன்.)

5

முடிவு, முதல் பிரதி: சித்ரா சொல்லிவிடுகிறாள், மாரித்தாய் மன்னிக்கிறாள். எவ்வளவு சௌகரியம். இரண்டாவது: சொல்லவில்லை, ஆனாலும் சுடலை பிழைத்துக்கொள்கிறார். அது இன்னும் சௌகரியம். ஒரு மனுஷனின் நெஞ்சை அறுத்து என் கதையைத் தைத்துக்கொள்ளவா?

இந்த மூன்றாவதில் நடந்த வரைக்கும் சொல்கிறேன். காலையில் மாரித்தாய் ஈரச்சேலையோடு கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதென்று சீனி போட்டிருந்தாள்.

"ஏட்டி சித்ரா, நேத்து நீ தந்ததுதான் வயித்துக்கு ஆதாரமா இருந்துச்சு. சட்டி எடுக்கையில என் பின்னாடியே வா. சுத்தபத்தமா இருக்கவ கூட வந்தா எனக்குக் கை நடுங்காது."

"மதினி..."

"என்னட்டி?"

இப்போது சொன்னால் காப்பை அவிழ்க்க வேண்டும், ஆபரேஷனுக்கு முன்னால் மறுபடி காப்புக் கட்டி விரதம் இருக்க நாள் இல்லை. சொல்லாவிட்டால் மாரித்தாய் நெருப்பை ஏந்திக்கொண்டு நடப்பாள், சித்ரா பின்னால் போக வேண்டும்.

கோயிலில் கொட்டு ஆரம்பித்துவிட்டது. மாரித்தாய் பதிலுக்காக நிற்கிறாள். அடுத்த வரியை நான் எழுதினால் சித்ராவைத் தப்பிக்க விட்டுவிடுவேன், கூடவே என்னையும். அதனால் நீங்கள் எழுதுங்கள். ஆனால் மாரித்தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.