ஐந்து நிமிட அவகாசம்

டயர் கடையாக இருந்த கூடத்தில் எட்டு சாய்வு நாற்காலிகள். தடுப்பு கிடையாது, தனி அறையும் கிடையாது. எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் ஊசி போட்டால்தான் கூலிக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் என்று இந்த அக்குபங்சர் நிலையத்தைத் தொடங்கியவளை எல்லோரும் ஊசியக்கா என்றார்கள். அவள் வைத்த விதிகள் இரண்டு. உள்ளே பேசக் கூடாது. ஊசியை எடுக்க வேண்டுமானால் ஒரு விரலைத் தூக்க வேண்டும்.

அன்று மதியம் இஸ்திரிக்காரி விரலைத் தூக்கினாள். பெரிய சலவை ஆலையில் நீராவி இஸ்திரி மெஷினில் வேலை பார்த்தவள். லீவு கேட்டு வாய்க்கு வாய் பேசிய நாளில், அவள் வலது கை உள்ளே இருக்கும்போதே மேஸ்திரி மூடியை இறக்கினான். விபத்து என்று எழுதி முடித்தார்கள். இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. அதற்குத்தான் வாராவாரம் வந்தாள்.

ஊசியக்கா அப்போது பக்கத்து நாற்காலியில், இடுப்பு வலி என்று புதிதாக வந்தவனின் புறங்கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாள். காலியாக இருந்தது அந்த ஒன்றுதான். இஸ்திரிக்காரிக்கு ஐந்து விரலைக் காட்டினாள், ஐந்து நிமிடம் பொறு என்று. அந்தப் புது ஆள்தான் மேஸ்திரி என்பது ஊசியக்காவுக்குத் தெரியாது.

இஸ்திரிக்காரி பொறுத்தாள். கையிலும் காலிலும் ஊசியோடு, அவன் மூச்சுவிடுவது கேட்கும் தூரத்தில் கிடந்தாள். ஊசியக்கா கை கழுவப் போனதும் எழுந்தாள். ஊசிகள் நின்ற அவன் புறங்கையின் மேல் முழங்காலை வைத்து, மொத்த உடம்பையும் ஏற்றி அழுத்தினாள்.

அவன் அலறிக்கொண்டு உதைத்தான். உதை அவள் தாடையில் விழுந்தது. அவள் இரும்பு ஸ்டூலைத் தூக்கி அவன் முகத்தில் இறக்கினாள். மூக்கெலும்பு நொறுங்கியது. இரண்டாவது அடிக்குக் குறுக்கே புகுந்த ஊசியக்காவின் உதடு கிழிந்தது.

"விடுங்கக்கா! கைய உள்ள வச்சே மூடினான்கா!"

"டிரைவரண்ணே, வந்து புடிங்க!"

எதிர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த பஸ் டிரைவர் காதெல்லாம் ஊசியோடு அப்போதுதான் விழித்தார். "அசையாதேன்னு நீதானேம்மா சொன்ன!" என்றவர், எழுந்து வந்து ஸ்டூலைப் பிடுங்கினார்.

மேஸ்திரியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிவிட்டு போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். தரையில் உட்கார்ந்து இஸ்திரிக்காரி பல்லைத் துப்பினாள். இவள் ஜெயிலுக்குப் போனால் அந்தக் கை அத்தோடு போச்சு. காப்பாற்றும் அவசரத்தில் ஊசியக்கா ஒன்று விடாமல் சொன்னாள்.

"தப்பு என்னோடது சார். எடுத்துவிடச் சொல்லி விரலைத் தூக்கினா. நான்தான் அஞ்சு நிமிஷம் காக்க வச்சேன்."

எழுதிய கை நின்றது. "அஞ்சு நிமிஷமா? ஆத்திரத்துல அடிச்சான்னா லேசா போயிருக்கும். இது யோசிச்சு அடிச்சது. கொலை முயற்சி. கையெழுத்துப் போடு."

"நான் அப்படிச் சொல்லல சார்."

"நீங்க என்ன பொய்யா சொன்னீங்க?" என்றாள் இஸ்திரிக்காரி. "அஞ்சு நிமிஷமும் எங்க அடிக்கலாம்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"வாய மூடுடி! பல்லு போன வாயால உளறுறா சார்."

போலீஸ்காரர் தாளைக் கிழித்து நீட்டினார். ஊசியக்கா அதை வாங்கிக் கசக்கி, கழித்த ஊசிகள் போடும் டப்பாவுக்குள் திணித்தாள். அறை பளாரென்று விழுந்தது. கிழிந்த உதட்டிலிருந்து மறுபடி ரத்தம் வடிந்தது.

"எடுடி அத!"

"நீங்களே கைய விட்டு எடுங்க சார். காலையிலேருந்து முப்பது பேர் உடம்புல இருந்த ஊசி."

அவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

"சரி, திரும்பச் சொல்லு."

"அவன் வந்து உட்கார்ந்தான். பாத்ததும் அடிச்சிட்டா. உடனே."

"வேற யாரு பாத்தது?"

ஊசி ஏறியதிலிருந்து சண்டை முற்றும்வரை குறட்டை விட்டுக்கொண்டிருந்த பஸ் டிரைவர் தொண்டையைச் செருமினார். "நான் பாத்தேன் சார். உடனேதான்."

"நானும்," என்றாள் கடைசி நாற்காலியிலிருந்த தையல்காரி, மூடிய கண்ணைத் திறக்காமலே.

போலீஸ்காரர் நோட்டில் அடுத்த தாளைப் புரட்டினார்.