பால் ஊற்றிய மறுநாள்

நல்லெண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க நீலாவதி கை நீட்டியபோது அத்தை அம்மாக்கண்ணு அதைத் தட்டிப் பறித்துக்கொண்டாள். பாதி எண்ணெய் வாசல் சிமெண்டில் கொட்டியது.

“தொடாத. பேசியே கொன்னது பத்தாதா? எண்ணெ வேற வச்சு வழியனுப்பப் போறியா?”

பெஞ்சில் உட்கார வைத்திருந்த அப்பாவின் உடம்பைச் சித்தப்பா ரெங்கசாமி பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருந்தார். அப்பா பக்கிரிசாமியின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. தூறல் விடவில்லை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஜனம் சுவெட்டரும் குடையுமாகச் சுற்றி நின்று, சாவை விட்டுவிட்டு மகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெற்ற மகள், வைக்கட்டுமே என்று சொல்ல அத்தனை பேரில் ஒரு நாக்கும் புரளவில்லை. அம்மா வேலாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். சிமெண்டில் பரவிய எண்ணெயைப் பார்த்தாளே தவிர, அவளும் வாயைத் திறக்கவில்லை. அத்தை கத்தியதைவிட அதுதான் நீலாவதிக்கு எரிந்தது.

பிரஷர் என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் எவ்வளவோ நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கொடுத்த மாத்திரைகளை அப்பா பவுடர் டப்பாவில் போட்டு மூடி வைத்தார். அது லயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிரஷருக்கு வாய் கிடையாது, நீலாவதிக்கு இருந்தது. பழி சுமத்த ஓர் ஆள் வேண்டும் என்றால் எதிர்த்துப் பேசிய பெண்ணைவிட வசதியான ஆள் எங்கே கிடைக்கும்?

லயத்துச் சுவரெல்லாம் பலகைச் சுவர். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் ஆயுசு நூறு என்பார்கள். நேற்றுக் காலையில் அப்பாவும் அவளும் போட்ட சண்டையை முழு வரிசையும் கேட்டிருந்தது.

“ஈப்போவுல டைப்பிங்னு சொல்லிட்டு வரச் சொன்னேன்லா?”

“சொன்னீங்க. நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் படிக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“கரண்ட்டுல கைய வச்சுச் சாவுறதுக்கா? பொம்பளப் புள்ள ஸ்க்ரூ டிரைவரத் தூக்கிக்கிட்டு ஊரு ஊரா சுத்துவியா? கிராணி கால்ல விழாத கொறையா ஒனக்கு ஆபீசுல எடம் கேட்டு வச்சிருக்கேன்.”

“அதான் வேணாங்கிறேன். நீங்க ஒவ்வொருத்தன் முன்னாலயும் தலையக் குனிஞ்சு நின்னது போதும். என்னையும் அங்கயே கொண்டுபோயி நிறுத்தாதீங்க.”

ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல், அப்பா கொழுந்து வெட்டும் கத்தரியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார். வெயில் ஏறுவதற்குள் தேயிலை நிரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அவள் சொன்னது பொய்யில்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வாள். ஆனால் அதையே அவர் கடைசியாகக் காதில் வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டுமா?

எல்லாம் அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரால் வந்தது. எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டு ஆபீசில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி கலக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சம்பளக் கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. ஆயுத பூஜைக்கு ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி சாம்பசிவம் தராசுக்கும் லாரிக்கும் வைத்ததுபோல அதற்கும் பட்டை போட்டு, சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார். டிஸ்க் நுழைக்கும் வாய் பார்வைக்கு நெற்றி மாதிரி வாட்டமாக இருந்ததால் விபூதியை அங்கே தாராளமாக அப்பினார். மறுநாள் காலையில் பெட்டி மூச்சுவிடவில்லை. கிராணி கற்பூரம் காட்டிப் பார்த்தார். அப்புறம்தான் ஈப்போ டவுனுக்கு போன் போட்டார்கள்.

வந்து இறங்கியது ஒரு சீனப்பெண். கட்டைமுடி, கையில் தகரப் பெட்டி. யாரிடமும் கேட்காமல் கம்ப்யூட்டரைக் கவிழ்த்து வயிற்றைத் திறந்தாள். விபூதியை ஒரு பிரஷ்ஷால் கூட்டி எடுத்தாள். உள்ளே செருகியிருந்த பச்சைத் தகட்டை உருவி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்தாள். பக்கத்தில் நின்ற நீலாவதியிடம் டார்ச் லைட்டை நீட்டி, மலாயில் “பெகாங்,” என்றாள். பிடி என்று அவளிடம் எத்தனையோ பேர் எத்தனையோ சாமான்களைக் கொடுத்திருக்கிறார்கள், துடைப்பம், தட்டு, வாளி. இது வேறாக இருந்தது. அவள் காட்டிய வெளிச்சத்தில் திருகாணிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. பெட்டியில் விளக்கு எரிந்ததும் கிராணி கும்பிட்டார். அந்தப் பெண் பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறிப் போய்விட்டாள். யார் முன்னாலும் அவள் தலை குனியவில்லை. நீலாவதிக்கு அதுதான் மறக்கவில்லை.

ஈப்போ பயிற்சி நிலையத்தில் தையல், டைப்பிங், கம்ப்யூட்டர் ரிப்பேர், எது வேண்டும் என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை நேரில் வந்து சேராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்று சனிக்கிழமை.

வாய்க்கரிசி போட ஆரம்பித்ததும் அத்தை பாடைக்கு முன்னால் காவல் நிற்பதுபோல் நின்றாள். நீலாவதி அவள் கக்கத்துக்குக் கீழே கையை விட்டு அரிசியை அள்ளினாள்.

“அடியே, தள்ளு!”

“எங்கப்பா. நீங்க தள்ளுங்க.”

முழங்கையால் இடித்தாள். அத்தை தடுமாறிச் சித்தப்பாமேல் சாய்ந்தாள். அந்த இடைவெளியில் நீலாவதி அப்பாவின் வாயில் அரிசியைப் போட்டாள். உதடு மலைத்தண்ணீர்போல் சில்லென்று இருந்தது. பின்னால் யாரோ காறித் துப்பினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புதைத்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கங்காணி கந்தன் தொண்டையைச் செருமினார்.

“துக்க வீட்டுல பேசக்கூடாதுதான். ஆனா வழக்கம் தெரியும்ல. பால் ஊத்துன மறுநாள் பெரட்டுல இந்த வீட்டு ஆளு ஒண்ணு நின்னு பேரு கொடுக்கணும். இல்லன்னா லயத்து வீடு கை மாறிரும். வீடு இல்லாம ரெண்டு குடும்பம் எம் பின்னால அலையுதுலா. அப்புறம் எம்மேல கோவப்படாதீங்க.”

காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டு அங்கே கோயில் மாதிரி. அதில் பெயர் இருந்தால் கூரை உண்டு. இல்லாதவன் தட்டுமுட்டுச் சாமானோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். அம்மா முழங்கால் வலியென்று பெயரை வெட்டி வீட்டோடு இருந்து பல வருஷமாகிறது. போதாக்குறைக்கு அவள் இப்போது பதினாறாம் நாள் காரியம் முடியாமல் வாசலைத் தாண்டக்கூடாதவள். தாலி இறங்குவதும் அன்றுதான்.

“அதான் இருக்காளே, வளந்து நிக்கிறவ,” என்றாள் அத்தை. “எந் தம்பி நிரைய இவ எடுத்துக்கட்டும். செஞ்ச பாவமாவது கரையும்.”

“நான் திங்கக்கெழம ஈப்போவுல இருக்கணும்.”

சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா எழுந்துவிட்டார். “என்னா சொன்ன? அண்ணன் மேல போட்ட மண்ணு காயல, அதுக்குள்ள ஈப்போவா? படி தாண்டிப் பாரு, கால ஒடைக்கிறேன்.”

“ஒடைச்சிட்டு வீட்ட யாரு பேருல வச்சுக்குவீங்க? ஒடிஞ்ச காலோட பெரட்டுல நிக்க முடியாது.”

சித்தப்பாவின் கை ஓங்கி இறங்கியது. கன்னம் காந்தியது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பால் ஊற்றிவிட்டு வந்தார்கள். அடுப்புப் பற்றவைக்காத வீடு குளிரில் விறைத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சோற்றை யாரும் நீலாவதிக்குப் பரிமாறவில்லை. அவளே போட்டுக்கொள்ளப் போனாள். சட்டியின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைத் தின்றபடி அந்த வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பலகைச் சுவர், ஒழுகும் மூலையில் வாளி, சாமி படம். இதையும் இழந்துவிட்டு அம்மா எங்கே போவாள்? கோலா தெர்லாவில் அத்தை வீட்டுக் கோஸ் தோட்டத்தில் ஒரு மூலையில் கிடந்து, வேளைக்கு ஒரு குத்தலும் சோறுமாகத் தின்பாள். அந்தப் படத்தை அவளால் சகிக்க முடியவில்லை. அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

“நான் பேரு போடுறேம்மா. ஈப்போ வேணாம்.”

சாவு விழுந்ததிலிருந்து அம்மா முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினாள்.

“எதுக்கு?”

“வீடு போயிரும்லா.”

“அவரு நிரையில நீ நிப்ப. நான் ஒன் கையப் பாத்துச் சோறு திங்கணும். தெனம் விடிஞ்சா அவரு கத்தரிய நீ தூக்கிட்டுப் போறத இந்தக் கண்ணால பாக்கணும். அப்புடித்தான?”

“வேற என்னம்மா செய்றது?”

“நீ பேசுனது தப்புன்னு நான் சொல்லல. குனிஞ்சுதான் நின்னாரு. ஒன்னப் படிக்க வைக்கத்தான் நின்னாரு. அத நீயே அவரு மூஞ்சிக்கு நேரா சொன்ன பாரு.” அம்மா மூச்சு வாங்கினாள். “ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தப் பேச்சுத்தான் கேக்குது. நீ இங்க இருக்காத. போயிரு.”

“எங்கம்மா போறது?”

“என்னமோ படிக்கணும்னு ஆடுனியே, அதப் போயிப் படி. பதினாறுக்கு வராத. நான் கூப்புடாம இந்த லயத்துப் பக்கம் கால் வைக்காத.”

இந்தக் கோபத்துக்குப் பின்னால் எங்கேயாவது கொஞ்சம் கனிவு ஒளிந்திருக்கும் என்று நீலாவதி அம்மாவின் முகத்தைத் துழாவினாள். பெற்றவள் ஆயிற்றே, இருக்காமல் எங்கே போகும் என்று பார்த்தாள். இல்லை. அம்மா நிஜமாகவே அவளை வெறுத்தாள்.

“வீடு?”

“அது என் கவல.”

திங்கட்கிழமை விடியலில் அம்மா அப்பாவின் கத்தரியைத் தோளில் போட்டு முன்னால் நடந்தாள். முழங்கால் பிடிக்கப் பிடிக்க நின்று நின்று போனாள். பையைத் தூக்கிக்கொண்டு நீலாவதி பின்னால் போனாள். பஸ் நிற்கும் ரோட்டுக்கும் பெரட்டுக் களத்துக்கும் ஒரே வழிதான்.

களத்தில் நின்ற சனம் அம்மாவைக் கண்டதும் விலகியது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. கந்தன் சீட்டை மடக்கிவிட்டு ஓடிவந்தார்.

“என்னா தங்கச்சி இது? பதினாறு ஆவலியே! தீட்டோட மலையில கால் வைக்கலாமா?”

“வீட்டு ஆளு ஒண்ணு நிக்கணும்னீங்க. நிக்கிறேன்.”

“நான் மகளத்தான் சொன்னேன்லா...”

“அவ இந்த வீட்டு ஆளு இல்ல. எம் பேர எழுதுங்கண்ணே. வேலாயி.”

பின்னாலிருந்து அத்தை தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். “அடிப்பாவி! எந் தம்பி மானத்த வாங்குறியேடி! தாலியோட கொழுந்து வெட்டவாடி போற?” என்று மாரில் அடித்துக்கொண்டாள். அம்மா அசையவில்லை. ஆட்பஞ்சம் பிடித்த மாசம். கந்தன் கிராணியைப் பார்த்தார், கிராணி வேறெங்கோ பார்த்தார். கடைசியில் கந்தன் எச்சிலைத் தொட்டுப் பென்சிலை நனைத்து எழுதினார்.

நீலாவதி களத்தின் ஓரமாக நடந்து ரோட்டுக்கு ஏறினாள். போகிறவளை யாரும் தடுக்கவில்லை. சித்தப்பாகூட அம்மாவைத்தான் முறைத்துக்கொண்டு நின்றார். இப்போது ஏசுவதற்கு அவர்களுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டாள்.

பஸ் வர நேரமாயிற்று. அவள் ஏறி உட்கார்ந்தபோது பனி விலகிச் சரிவெல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. கீழே பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். தோளோடு தோள் உரச நிற்கும் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஆள் விலகியிருந்தது. நடுவில் அம்மா தனியாக, இடுப்பை ஒடித்துக் குனிந்து, பழக்கம் விட்டுப்போன கையால் கத்தரியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஹாரன் அடித்தது. எல்லாப் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள், அம்மாவைத் தவிர. நீலாவதி ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். வளைவு திரும்பும்வரை அந்த இரண்டு பக்கத்து இடத்திலும் யாரும் நகர்ந்து வந்து நிற்கவில்லை.